அமெரிக்க வெளியுறவுக் கொள்கையின் வரலாற்றை ஆராயப் புகுவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க வெளியுறவுக் கொள்கையின் வரலாற்றை எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பலருக்கு, அமெரிக்கா உலகுக்கு நல்லது செய்தது என்றோ, எல்லாவற்றையும் தன்னலத்துக்காகவே செய்தது என்றோ ஒரு முடிவு முன்பே மனத்தில் இருக்கும். அதில் தவறில்லை. ஆனால் எந்தக் காகிதத்தை யார் எழுதினார், அது யார் யார் கைக்குப் போனது, எது போகாமல் நின்றது, எதை அரசு இன்னும் பூட்டி வைத்திருக்கிறது என்று தேடுவதில்தான் இந்தத் துறையில் ஒருவருடைய ஆயுளில் பெரும்பகுதி கழிகிறது. அந்தத் தேடலை எந்த வரிசையில் செய்வது என்பதைப் புதிதாக வருகிறவருக்காக இங்கே எழுதுகிறேன். பொதுவாகப் பேசினால் பயன் குறைவு என்பதால், 1965–66இல் இந்தியாவுக்கு அமெரிக்கா கோதுமை அனுப்பிய விவகாரத்தை உதாரணமாகக் கடைசி வரை உடன் வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: பழைய வழக்குகளைத் தெரிந்துகொள்ளுதல்

ஆவணங்களுக்குப் போகும் முன் வரலாற்றாசிரியர்கள் தங்களுக்குள் நடத்திய வாதங்களைப் படித்துவிட வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், பனிப்போருக்குச் சோவியத் ஒன்றியமே பொறுப்பு, அமெரிக்கா அதற்கு எதிர்வினை மட்டுமே ஆற்றியது என்ற கருத்து வல்லமையோடு இருந்தது. அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, கடற்படை அதிகாரியாகப் பணியாற்றிவிட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற வில்லியம் ஆப்பிள்மன் வில்லியம்ஸ், 1959இல் வெளியிட்ட நூலில் அதை நேருக்கு நேர் மறுத்தார். வெளிநாட்டுச் சந்தைகள் திறந்திருக்க வேண்டும் என்ற தேவையே அமெரிக்கக் கொள்கையை நெடுங்காலமாக இயக்கியது என்பது அவர் வாதம். விஸ்கான்சினில் பயின்ற வால்டர் லஃபீபர், லாயிட் கார்ட்னர், தாமஸ் மெக்கார்மிக் ஆகியோர் அந்த வாதத்தை ஆவணங்களைக் கொண்டு விரித்தார்கள். டெக்சாஸில் பயின்ற ஜான் லூயிஸ் கேடிஸ் 1972இல் இரு தரப்பையும் தாண்டிச் செல்ல முயன்றார். மெல்வின் லெஃப்லர் 1992இல் வெளியிட்ட நூல், வாஷிங்டன் அதிகாரிகளின் பாதுகாப்பு அச்சங்களையும் அவர்கள் தேடிய மேலாதிக்கத்தையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தது. பனிப்போர் முடிந்த பிறகு மாஸ்கோ, ஹனாய் போன்ற இடங்களின் ஆவணங்களும் ஓரளவு திறந்தன. ஒட் ஆர்ன வெஸ்டாட், லியன்-ஹாங் நுயென் போன்றவர்கள் வாஷிங்டனிலிருந்து மட்டும் இந்தக் கதையைச் சொல்ல முடியாது என்று காட்டினார்கள்.

இந்த வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் எந்த ஆண்டில், எந்தக் காகிதங்கள் திறந்திருந்தபோது எழுதினார்கள் என்பதைக் குறித்துக்கொண்டால் போதும். 1959இல் எழுதியவருக்குக் கிடைக்காத ஆயிரக்கணக்கான பக்கங்கள் 1992இல் எழுதியவருக்குக் கிடைத்திருந்தன.

ஆசிரியர் தொழிலின் அளவுகோலாகவும் லஃபீபரைச் சொல்லலாம். 1959 முதல் 2006 வரை அவர் கார்னெல் பல்கலைக்கழகம் ஒன்றிலேயே பாடம் நடத்தினார். அவரிடம் படித்த இருவர், சாண்டி பெர்கரும் ஸ்டீபன் ஹேட்லியும், எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த இரண்டு அதிபர்களுக்குத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்களாக இருந்தார்கள். அவருடைய கடைசி உரையைக் கேட்க நியூயார்க் நகரத்து அரங்கம் ஒன்றில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் கூடினார்கள். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் படி: கேள்வியைச் சுருக்குதல்

'இந்திய–அமெரிக்க உறவு' என்பது தலைப்பு மட்டுமே. அதற்குள் கேள்வி எதுவும் இல்லை. கேள்வி என்றால் அதில் ஒரு முடிவு இருக்க வேண்டும். அதை எடுத்த ஆட்கள், அது எடுக்கப்பட்ட மாதங்கள், அது வேறு விதமாகவும் முடிந்திருக்கக்கூடிய சாத்தியம் ஆகியவையும் இருக்க வேண்டும்.

நம் உதாரணத்தைப் பாருங்கள். 1954இல் இயற்றப்பட்ட பொதுச் சட்டம் 480இன் கீழ் அமெரிக்கா தன் உபரித் தானியத்தை இந்தியாவுக்கு ரூபாய்க்கு விற்றுவந்தது. 1965 நடுப்பகுதியில் அதிபர் லிண்டன் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்து, சில வாரங்களுக்குப் போதுமான அளவை மட்டும் அவ்வப்போது விடுவிக்கத் தொடங்கினார். பருவமழை பொய்த்திருந்த நேரம் அது. அவ்வாண்டு நவம்பரில் ரோம் நகரில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் மாநாட்டுக்குச் சென்றிருந்த இந்திய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் அமெரிக்க வேளாண் துறைச் செயலர் ஆர்வில் ஃப்ரீமனும் சந்தித்து, இந்தியா தன் வேளாண் கொள்கையை எப்படி மாற்றும் என்பது குறித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அது அப்போது வெளியே அறிவிக்கப்படவில்லை. அந்த மாற்றம் ஜான்சனின் நெருக்குதலால் வந்ததா, சுப்பிரமணியம் ஏற்கெனவே செய்ய நினைத்திருந்ததற்கு அந்த நெருக்குதல் ஒரு சாக்காக உதவியதா? இதுதான் ஆராயத்தக்க கேள்வி. இதற்கு விடை தேட எந்தெந்தப் பெட்டிகளைத் திறக்க வேண்டும் என்பது கேள்வியிலிருந்தே தெரிந்துவிடுகிறது.

மூன்றாம் படி: அச்சான ஆவணங்கள்

அமெரிக்க வெளியுறவுத்துறை 1861 முதல் தன் ஆவணங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவருகிறது. துறையில் இருப்பவர்கள் இந்தத் தொடரைச் சுருக்கமாக 'ஃப்ரஸ்' என்பார்கள். வெளியுறவுத்துறையின் வரலாற்று அலுவலகம் இதை இணையத்தில் இலவசமாகவே வைத்திருப்பதால், மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்திருப்பவர் விமானச் செலவு இல்லாமல் முதல் ஆறு மாத வேலையை இதிலேயே செய்துவிடலாம். நம் கேள்விக்கு உரியது 1964–68 காலத்துக்கான 25ஆம் தொகுதி; அது தெற்காசியாவைப் பற்றியது.

ஓர் ஆவணத்தைத் திறந்தால் உடனே அதன் உள்ளடக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள். முதல் அடிக்குறிப்பைப் படியுங்கள். மூலத்தாள் எந்தக் காப்பகத்தில், எந்தக் கோப்பில் இருக்கிறது, அதன் ரகசியத் தரம் என்ன, யார் வரைந்தார், யார் ஒப்புதல் கொடுத்தார், எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது என்பவை பெரும்பாலும் அங்கே இருக்கும். தந்திகளில் 'லிம்டிஸ்', 'எக்ஸ்டிஸ்', 'நோடிஸ்' என்ற முத்திரைகளைப் பார்ப்பீர்கள். அந்தத் தந்தியை எவ்வளவு குறைவான பேர் பார்க்கலாம் என்பதை அவை குறிக்கின்றன. மூன்றில் 'நோடிஸ்' என்பதே மிக இறுக்கமானது. ஒரே விஷயத்தைத் தூதர் செஸ்டர் போல்ஸ் புது தில்லியிலிருந்து சாதாரணத் தந்தியில் ஒரு மாதிரியும் 'நோடிஸ்' தந்தியில் வேறு மாதிரியும் எழுதியிருந்தால், அந்த வேறுபாடு தன்னளவிலேயே ஒரு சான்று. சில இடங்களில் சதுர அடைப்புக்குள் 'இரண்டரை வரிகள் ரகசிய நீக்கம் பெறவில்லை' என்ற பொருளில் குறிப்பு இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தனியே எழுதி வையுங்கள். ஐந்தாம் படியில் உதவும்.

இந்தத் தொடர் எவ்வளவு நம்பத்தக்கது என்று கேட்டால், ஈரானின் கதையைத்தான் சொல்ல வேண்டும். 1953 ஆகஸ்டில் ஈரானியப் பிரதமர் மொசாதெக்கைக் கவிழ்த்ததில் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவுக்கு இருந்த பங்கு உலகறிந்த செய்தி. அப்படியிருந்தும் 1952–54 காலத்துக்கான ஈரான் தொகுதி 1989இல் வெளிவந்தபோது, அந்தப் பங்கைக் காட்டும் ஆவணங்கள் அதில் இல்லை. தொடருக்கு ஆலோசனை சொல்லும் வரலாற்றாசிரியர் குழுவின் தலைவராக இருந்த வாரன் கோஹன், வெளியீட்டில் நடந்த மறைப்பைக் கண்டித்து 1990இல் பதவி விலகினார். அந்தக் கொந்தளிப்பின் விளைவாக 1991 அக்டோபரில் ஒரு சட்டம் வந்தது. தொடர் முழுமையானதாகவும் நம்பத்தக்கதாகவும் இருக்க வேண்டும், நிகழ்வு நடந்து முப்பது ஆண்டுகளுக்குள் வெளிவர வேண்டும், மற்றத் துறைகளும் தங்கள் ஆவணங்களைத் தொகுப்பாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று அது விதித்தது. முப்பது ஆண்டு வரம்பு பெரும்பாலும் தவறிக்கொண்டேதான் இருக்கிறது. ஈரான் பற்றிய திருத்தத் தொகுதி 2017 ஜூனில்தான் வந்தது, அதாவது நிகழ்வு நடந்து அறுபத்து நான்காம் ஆண்டில். ஆகவே ஃப்ரஸ் தொகுதி எதையும் எடுத்தால் அது வெளிவந்த ஆண்டையும் பாருங்கள். 1991க்கு முந்தைய தொகுதி என்றால், உளவுத்துறை தொடர்பான இடங்களில் அதன் மௌனத்தை எதற்கும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்.

நான்காம் படி: காப்பகத்துக்குப் போதல்

வெளியுறவுத்துறையின் மூலக் கோப்புகள் மேரிலாந்து மாநிலத்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. துறைத் தலைமையகத்தின் கோப்புகளுக்கு 59 என்றும், வெளிநாட்டுத் தூதரகங்களின் கோப்புகளுக்கு 84 என்றும் தொகுப்பு எண் கொடுத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்த துணைத் தூதரகத்தின் பழைய காகிதங்களைத் தேடுகிறவர் 84ஐக் கேட்க வேண்டும். தலைமையகம் தேவையில்லை என்று ஒதுக்கிய உள்ளூர்ச் செய்தி அங்கே கிடைக்கலாம்.

கோப்பு எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப் பொழுது போதும். 1950 முதல் 1963 தொடக்கம் வரையிலான காகிதங்கள் தசம முறையில் அடுக்கப்பட்டவை. 611.91 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதலில் வரும் 6 நாடுகளுக்கிடையிலான அரசியல் உறவைக் குறிக்கிறது, 11 அமெரிக்கா, 91 இந்தியா. அதற்குப் பின் சாய்கோடு போட்டு 2-2454 என்று இருந்தால், அந்தக் காகிதத்தின் தேதி 1954 பிப்ரவரி 24. முதல் எண் 7 ஆகிவிட்டால் விஷயம் உள்நாட்டு அரசியல், ஆகவே 791.00 என்பது இந்திய உள்நாட்டு அரசியல். 1963இலிருந்து எண்களுக்குப் பதிலாகப் பொருளைக் குறிக்கும் எழுத்துச் சுருக்கங்கள் வந்துவிட்டன. நம் கோதுமைக் கேள்வி அந்த முறையில் விழுகிறது, உதவி என்ற தலைப்பின் கீழ் தேட வேண்டும். 1973க்குப் பிறகு தந்திகள் மின்னணு வடிவில் இருப்பதால், எழுபதுகளின் தந்திகள் பலவற்றை வீட்டிலிருந்தே தேடிப் படிக்கலாம்.

வாசிப்பறைக்குள் என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் முதல் நாள் வீணாகாது. கடவுச்சீட்டைக் காட்டி ஆய்வாளர் அட்டை வாங்க வேண்டும். பையையும் பேனாவையும் லாக்கரில் வைத்துவிட்டுப் போக வேண்டும்; உள்ளே பென்சில்தான். பெட்டிகளைக் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் எடுத்து வருவார்கள் என்பதால், காலையில் முதல் நேரத்தைத் தவறவிட்டால் பாதி நாள் போய்விடும். மேசைமேல் ஒரு சமயத்தில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு கோப்புறை, இதுதான் விதி. கேமராவில் படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. முன்பு ரகசியமாக இருந்த காகிதங்களைப் படம் எடுக்கும் முன் பணியாளரிடம் பெட்டியைக் காட்டி ஒரு சிறு துண்டுச் சீட்டு வாங்க வேண்டும். ரகசிய நீக்கத்துக்கான அனுமதி எண் அச்சிட்ட அந்தச் சீட்டு ஒவ்வொரு படத்திலும் தெரிய வேண்டும். இது தெரியாமல் நூறு பக்கங்களை எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுக்கும் புதியவர்கள் உண்டு.

ஒவ்வொரு கோப்புறையிலும் முதல் படமாகப் பெட்டியின் முகப்பை எடுங்கள், அடுத்துக் கோப்புறையின் தலைப்பை எடுங்கள், பிறகு காகிதங்களை எடுங்கள். அன்றிரவே படங்களைப் பெட்டி வாரியாகப் பிரித்துப் பெயரிட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஊரில் உட்கார்ந்து, அருமையான ஒரு குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அது எந்தப் பெட்டி என்று தெரியாமல் விழிப்பதைவிட மோசமான நிலை இந்தத் தொழிலில் குறைவு.

ஆனால் நம் கேள்விக்குக் காலேஜ் பார்க் மட்டும் போதாது. கோதுமைக் கப்பல்களை விடுவிக்கும் முடிவை ஜான்சன் தன் கையிலேயே வைத்திருந்தார். எனவே வெள்ளை மாளிகைக் காகிதங்கள் இருக்கும் ஜான்சன் நூலகத்துக்கு, டெக்சாஸின் ஆஸ்டினுக்குப் போக வேண்டும். தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் ஊழியராக இருந்து இந்திய விவகாரங்களைக் கவனித்த ராபர்ட் கோமர் எழுதிய குறிப்புகள் அங்கே இருக்கின்றன. ட்ரூமனுக்கு மிசௌரியின் இண்டிபெண்டன்ஸ், ஐசன்ஹோவருக்குக் கன்சாஸின் ஆபிலீன், கென்னடிக்குப் பாஸ்டன், நிக்சனுக்குக் கலிஃபோர்னியாவின் யோர்பா லிண்டா என்று அதிபர் நூலகங்கள் நாடு முழுவதும் சிதறிக் கிடப்பதால், எந்த அதிபரின் காலத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது உங்கள் பயணச் செலவையும் தீர்மானிக்கிறது. பல நூலகங்களோடு இணைந்த அறக்கட்டளைகள் சிறிய பயண நிதி தருகின்றன. விண்ணப்பத்தில் பெட்டி எண்களோடு எழுதுகிறவருக்கு அது கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். ஜான்சனின் தொலைபேசிப் பேச்சுகளும், 1971 பிப்ரவரி முதல் 1973 ஜூலை வரையிலான நிக்சனின் ஒலிநாடாக்களும் பெருமளவு திறந்திருக்கின்றன. வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மில்லர் மையம் பலவற்றை எழுத்தாக்கியிருக்கிறது. முக்கியமான வாக்கியம் என்றால் எழுத்தாக்கத்தை மட்டும் நம்பாமல் நாடாவையும் கேட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: இல்லாத பக்கங்கள்

கோப்புறையில் ஒரு காகிதம் இருக்க வேண்டிய இடத்தில், அது அகற்றப்பட்டதாகச் சொல்லும் தாள் ஒன்று இருக்கும். பலர் அதைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தத் தாளில் ஆவணத்தின் வகை, தேதி, யாரிடமிருந்து யாருக்கு, எத்தனை பக்கம் என்ற விவரங்கள் பொதுவாக இருக்கும். அதைக் குறிப்பிட்டு, ரகசிய நீக்கத்துக்கான கட்டாய மறுஆய்வு கேட்கலாம். மறுத்தால் பல துறைகளின் பிரதிநிதிகள் அடங்கிய மேல்முறையீட்டுக் குழு ஒன்று இருக்கிறது. 1966இன் தகவல் சுதந்திரச் சட்டப்படியும் கேட்கலாம். அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பதில்லை. இருபது வேலை நாள்களில் பதில் என்று சட்டம் சொன்னாலும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடும். ஆகவே ஆய்வின் முதல் ஆண்டிலேயே கேட்டுவிட்டு, வந்தால் வரட்டும் என்று மற்ற வேலையைப் பாருங்கள். கேட்பதற்கு முன், 1985இல் தொடங்கி இப்போது ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசியப் பாதுகாப்பு ஆவணக் களஞ்சியத்தில் அது ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மறைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க நிக் கல்லதரின் அனுபவம் உதவும். 1990களின் தொடக்கத்தில் சிஐஏ அவரை வரலாற்றாசிரியராக அமர்த்தி, குவாத்தமாலாவில் 1954இல் தான் நடத்திய கவிழ்ப்பின் உள்வரலாற்றை எழுதச் சொன்னது. அது 1997இல் ரகசிய நீக்கம் பெற்றது. 1999இல் நூலாக வந்தபோது, தணிக்கையில் வெட்டப்பட்ட இடங்கள் வெற்றிடங்களாகவே விடப்பட்டன. தானே எழுதிய பக்கத்தில் தானே வாசிக்க அனுமதியில்லாத இடங்களை வாசகருக்குக் காட்டிய வரலாற்றாசிரியர் வேறு எவரும் என் நினைவுக்கு வரவில்லை. பின்னாளில் அவர் பசியையும் வேளாண் உதவியையும் பற்றி எழுதிய நூல் நம் உதாரணக் கேள்விக்கும் நேரடியாக உதவும்.

ஆறாம் படி: பட்டமும் பிழைப்பும்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் என்றால், பாடங்கள், தகுதித் தேர்வு, ஆய்வுத் திட்டம், ஆய்வேடு என்று ஆறேழு ஆண்டுகள் பிடிக்கும். உதவித்தொகை இல்லாத இடத்தில் சேர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, உங்கள் கேள்வியில் அக்கறை உள்ள நெறியாளர் இருக்கிறாரா என்பதைப் பாருங்கள். இந்தியாவிலேயே ஆய்வு செய்ய விரும்புகிறவருக்கு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கனடா, அமெரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகியவற்றை ஆராயும் மையம் இருக்கிறது. பதிவு செய்த ஆய்வாளர்கள் அமெரிக்கக் காப்பகங்களில் சில மாதங்கள் தங்கிப் படிக்க ஃபுல்பிரைட்–நேரு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

1967இல் தொடங்கிய அமெரிக்க வெளியுறவு வரலாற்றாசிரியர்கள் சங்கமும், 1977 முதல் வரும் அதன் ஆய்விதழும் இந்தத் துறையின் கூடம். ஆய்வேட்டின் ஒரு அத்தியாயத்தைக் கட்டுரையாக்கி அங்கே அனுப்புவது வழக்கமான முதல் அடி. நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் மிகக் குறைவு. இதை மறைத்து யாரையும் இந்தத் துறைக்குள் இழுக்கக் கூடாது. வரலாற்று அலுவலகம் போன்ற அரசுப் பணிகளுக்கு அமெரிக்கக் குடியுரிமையும் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். பொறுமையும் ஒரு தகுதிதான். ராஜதந்திரி ஜார்ஜ் கென்னனின் வாழ்க்கை வரலாற்றை எழுத 1980களின் தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட கேடிஸ், அது கென்னனின் காலத்துக்குப் பிறகே வர வேண்டும் என்ற ஏற்பாட்டை ஏற்றார். கென்னன் 101 வயது வரை வாழ்ந்து 2005இல் மறைந்தார். நூல் 2011இல் வந்து மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது.

ஏழாம் படி: மறுகரைக் காகிதங்களோடு சேர்த்து எழுதுதல்

ஆஸ்டினில் ஒரு மாதம் உட்கார்ந்தவருக்கு, உலகில் முடிவெடுத்தவர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிய அமெரிக்கர்களே என்ற மயக்கம் வந்துவிடும். அதைத் தெளிவிக்க மறுகரைக் காகிதங்கள் வேண்டும். நம் கேள்விக்கு தில்லியின் தேசிய ஆவணக் காப்பகமும், தீன் மூர்த்தி வளாக நூலகத்தில் உள்ள தனிநபர்களின் தாள்களும், சுப்பிரமணியத்தின் நினைவுக் குறிப்புகளும் அவசியம். நினைவுக் குறிப்பு என்பது பின்னாளில் எழுதப்பட்டது, எழுதியவர் தன்னைத் தானே நியாயப்படுத்திக்கொள்ளும் எழுத்து. கோமரின் குறிப்பு அன்றன்றைக்கு எழுதப்பட்டது, ஆனால் தன் அதிபரை மகிழ்விக்க எழுதப்பட்டது. இரண்டையும் ஒரே எடையில் வைக்க முடியாது; எதையும் தூக்கி எறியவும் முடியாது.

எழுத உட்காரும் முன் ஒரு கால அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் வாஷிங்டன், வலப்பக்கம் தில்லி, நடுவில் தேதி. இந்த அட்டவணையை எந்த மாதத்தில் தொடங்குகிறீர்கள் என்பதே உங்கள் விடையைச் சாய்த்துவிடும் என்பதால் இங்கே அவசரப்படக் கூடாது. 1965 ஜூனில் தொடங்கினால் முதலில் வருவது ஜான்சனின் மறுப்பு, அதன் பின் ரோம், அதன் பின் இந்தியாவின் கொள்கை மாற்றம். நெருக்குதலே எல்லாவற்றையும் செய்ததாகத் தோன்றும். சுப்பிரமணியம் உணவுத்துறையை ஏற்ற 1964இல் தொடங்கினால், அவர் விவசாயிக்கு ஊக்கமளிக்கும் விலை வேண்டும் என்று அமைச்சரவையில் வாதாடியது முதலில் வரும். வலப்பக்கத்தில், ஜான்சன் கையை இறுக்குவதற்குச் சில மாதங்கள் முன்பே, 1965 ஜனவரி 14 என்ற தேதிக்கு எதிரே இந்திய உணவுக் கழகத்தின் தொடக்கம் வந்து நிற்கும். அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. இப்படித் தொடங்கினால், நெருக்குதல் ஒரு சாக்காக மட்டுமே உதவியதாகத் தோன்றும்.